தீராந்தி

ஆனையிறவுப் பாலம் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவன் எம்மைக் கேட்டான். தமிழ்மொழித் தினப் போட்டிக்காகப் பிள்ளைகள் சிலரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தோம். பேருந்து பரந்தனைக் கடந்து, இருமருங்கும் கடனீரேரி விரியும் அவ்விடத்தை அடைந்ததும், அவன் யன்னலோடு ஒட்டிக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தான். குடாநாட்டின் வாயில் என்றும், எத்தனையோ போர்கள் நடந்த களம் என்றும் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவன். இத்துணைப் பெயர்பெற்ற இடத்திலே பெரும் பாலமொன்று நிற்கும் என்று எதிர்பார்த்திருக்கிறான்.

அங்கே இருப்பது ஆழமற்ற நீரிலே கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய அணை. அதன்மேல் தெரு, அருகே புகையிரதப் பாதை, இடையிலே நீர் போவதற்கு வாய் விட்டிருக்கிறார்கள். முன்னாளில் வன்னிக் காட்டு யானைகளை இந்நீரில் இறக்கி நடத்தியே குடாநாட்டுக்குக் கொண்டுபோய், ஊர்காவற்றுறையிலே கப்பலேற்றினார்கள். யானை நடந்து கடக்கும் நீருக்குப் பாலம் எதற்கு, மண்ணைக் கொட்டினாற் போதுமே என்று பிற்காலத்துப் பொறியியலாளர் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். மலிவான கணக்குத்தான். பையனுக்கோ பெரும் ஏமாற்றம். “அப்ப பாலமே இல்லையா, சேர்?” என்றான். எமக்கும் அன்று விடையொன்றும் தோன்றவில்லை.

பாலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எம் தலைமுறையினர் மனத்திலே எழுவது வேறொன்று. 1995 ஒக்டோபர் இறுதியில், கொட்டும் மழையிலே, நாவற்குழிப் பாலத்தின்மேல் வலிகாமமே நெருக்குண்டு நகர்ந்தபோது எமக்கு வயது ஆறு. தந்தையாரின் துவிச்சக்கர வண்டிச் சட்டத்திலே அமர்ந்திருந்தோம். 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கால்நடையாகக் கடந்தபோது வயது இருபது. முன்னதில் எம்மோடு வந்தவர்களெல்லோரும் பின்னதில் வரவில்லை. அதற்குமேல் அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இவ்விரண்டு பாலங்களும் எப்படி நிற்கின்றன, எது எதைத் தாங்குகிறது என்று நாம் நின்று பார்த்ததேயில்லை என்பதைச் சொல்லவே இதனை எழுதினோம். கடந்தால் போதும் என்றிருப்பவன் பாலத்தைப் பார்ப்பதில்லை.

இரும்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முழுப் பாதையும் திறக்கப்பெற்றது 1905 ஆகஸ்ட் மாதத்திலே. 1990 ஜூன் மாதத்தில் யாழ்தேவி நின்றுபோயிற்று. அதன்பின் ஆண்டுக் கணக்காக, பாதையிலிருந்த தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரைகளாயின. இரு தரப்பாரும் அவ்வாறே செய்தனர். நாம் புகையிரதத்தைக் காணுமுன்னரே தண்டவாளத்தைக் கண்டவர்கள். தலைக்குமேலே, குறுக்காகக் கிடக்கக் கண்டோம். இது ஓடுவதற்கானது என்று தாயார் சொன்னபோது அது எப்படி ஓடும் என்று கேட்டோமாம். மீண்டும் புதிய தண்டவாளம் இடப்பட்டு, ஆனையிறவைக் கடந்து பளைக்கு வண்டி வந்தது 2014 மார்ச் மாதத்தில். யாழ்ப்பாணத்தை அடைந்தது அவ்வாண்டு ஒக்டோபரில். அப்போது நாம் பல்கலைக்கழக மாணவர்.

இனி, பாலத்துக்கு வருவோம்.

நாம் கற்பிக்கும் பள்ளிக்கூடத்திலே உயர்தரக் கணிதப் பிரிவில் ஒரு பிள்ளை இருந்தாள். கூலித் தொழிலாளி ஒருவரின் மகள். இணைந்த கணிதத்திலே சட்டப்படல் என்று ஒரு பகுதி உண்டு. இலேசான கோல்களை மூட்டி அமைத்த ஒரு சட்டத்தின்மேல் பாரம் தொங்குகிறது. போவின் குறியீட்டைக் கொண்டு தகைப்பு வரிப்படம் வரைந்து, எந்தக் கோலில் இழுவை, எந்தக் கோலில் உதைப்பு என்று காணவேண்டும். அவள் வரைபடத்தைப் பிழையறப் போடுவாள். ஆனால் ஒருநாள் தமிழ்ப் பாடவேளையிலே எழுந்து, “சேர், உதைப்பு எண்டா உண்மையிலை என்ன? மரத்தை ஆர் உதைக்கினம்?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்று இரண்டு தவணை கழிந்திருந்தது. தமிழாசிரியனிடந்தான் கேட்கவேண்டியிருந்தது.

நல்வாய்ப்பாக, அந்நாட்களில் எமது பள்ளி மண்டபத்தின் கூரையைப் பழுதுபார்க்க முதிய ஓடாவி ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகளை அவரிடமே அழைத்துச் சென்றோம். அவர் கூரையைக் காட்டினார். வளையிலிருந்து இருபுறமும் சரிந்திறங்கும் கைமரங்கள்; அவற்றின் அடிகளை இணைத்துக் குறுக்கே கிடக்கும் தீராந்தி. “ஓட்டின்ர பாரம் கைமரத்துக்கு வரும். கைமரம் என்ன செய்யும்? காலை அகட்டும். இந்தத் தீராந்தி இல்லாட்டி ரெண்டு சுவரையும் வெளியாலை தள்ளி விழுத்திப் போடும், பிள்ளை. இது சும்மா கிடக்கேல்லை. ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு இழுத்துக்கொண்டு கிடக்குது” என்றார்.

எமக்கு உடல் சிலிர்த்தது. அலுமாரி, சப்பாத்து, யன்னல், அலவாங்கு என்பவற்றோடு போர்த்துக்கேயர் எமது மண்ணிலே விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று தீராந்தி. அவர்கள் மொழியிலே அதன் வேர் இழுத்தல் என்னும் பொருளுடைய வினை. சொற்பிறப்பியல் வகுப்பிலே இதனைப் படித்துத் தேர்வெழுதிப் புள்ளியும் பெற்றவர்கள் நாம். ஆயினும் அம்மரம் உண்மையிலேயே இழுத்துக்கொண்டிருக்கிறது என்பது எமக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட அம்முதியவருக்குத் தெரிந்திருந்தது. மாணவிக்கோ கணக்குத் தெரியும், மரம் தெரியாது. மூவரும் ஒரே கூரையின்கீழ் நின்றுகொண்டிருந்தோம்.

பின்னர் நாம் தேடிப் படித்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். நான்கு கோல்களை மூலைகளிலே ஆணியடித்து நாற்கோணம் ஆக்கினால், ஒரு கையால் தள்ள அது சாய்ந்துவிடும். மூன்று கோல்களால் ஆன முக்கோணமோ, கோல் முறிந்தாலன்றி மூட்டு விட்டாலன்றி உருமாறாது. முக்கோணங்களை வரிசையாய் அடுக்கி ஒரு நீண்ட சட்டமாக்கினால், அது தன் பருமனுக்கு மிஞ்சிய இடைவெளியைத் தாண்டி நிற்கும். பாலத்தின்மேல் பாரம் ஏறும்போது மேற்சட்டம் நெருக்கப்படும், கீழ்ச்சட்டம் இழுபடும். இடையிலுள்ள உறுப்புக்கள் சில நெருக்கப்படும், சில இழுபடும். மரம் நெருக்குதலை நன்றாகவே தாங்கும். ஒரு மரத்தின் முனையை இன்னொன்றின்மேல் பொருத்தி வைத்தாலே போதும். ஆனால் இரண்டு மரங்களை மூட்டி இழுத்தால், மரம் அறுபடுமுன் ஆணி மூட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். இழுவைக்கு உகந்தது இரும்புக் கம்பி.

இதனை நன்கறிந்து செய்தவர் அமெரிக்கராகிய வில்லியம் ஹோ. 1840 இல் அவர் காப்புரிமை பெற்ற பாலத்திலே சாய்ந்த உறுப்புக்கள் யாவும் மரம். அவை உதைப்பைத் தாங்கும். நேர்நிற்கும் உறுப்புக்கள் இரும்புக் கம்பிகள். அவை இழுவையைத் தாங்கும். கம்பியின் முனையிலே நட்டு. மரம் காய்ந்து சுருங்கி மூட்டுத் தளர்ந்தால் நட்டை முறுக்கி இறுக்கிக்கொள்ளலாம். காடு மலிந்த, இரும்பு அரிதான நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. புகையிரதப் பாதைகள் ஆற்றுக்கு ஆறு இதன்மேலேயே சென்றன. நான்கு ஆண்டுகள் கழித்து, பிராட் என்னும் தந்தையும் மகனும் சாய்வுகளைத் திருப்பிப் போட்டார்கள். நேர்நிற்பவை உதைப்பையும் சாய்ந்தவை இழுவையையும் ஏற்றன. இரும்பு மலிந்த காலத்துக்கு அது பொருந்திற்று.

மரத்துக்கென்று வகுத்த அமைப்பை அப்படியே இரும்பிலே வார்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஓஹாயோ மாநிலத்தில் அஷ்டபுலா ஆற்றின்மேல் ஒரு புகையிரதக் கம்பெனியின் தலைவர் ஹோவின் அமைப்பை முற்றும் இரும்பினாற் கட்டுவித்தார். பொறியியலாளர் மறுத்துரைத்தார், தலைவர் கேட்கவில்லை. மறுத்தவர்தான் வேலையை விட்டு நீங்க நேர்ந்தது. பதினொரு ஆண்டுகள் அப்பாலம் நின்றது. 1876 டிசம்பர் 29 இரவு, பனிப்புயலிலே, வண்டியோடு இடிந்து வீழ்ந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு பேர் மாண்டனர். முதலாளியின் சொல்லுக்கு இரும்பு இசையவில்லை. வகுப்பிலே இதனைச் சொன்னபோது அந்தப் பிள்ளை, “வேலையை விட்ட எஞ்சினியருக்குப் பிறகு என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டாள். இவ்வகை வினாக்களுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

எமது நாட்டிலும் கண்டு கற்கத்தக்கவை இருந்தன, இருக்கின்றன. பேராதனையிலே மகாவலிக்கு மேலாக 1833 இல் திறக்கப்பெற்ற பாலம் முற்றும் முதிரை மரத்தாலானது. ஒரே வில்லாக 205 அடி தாண்டி நின்றது. இராணுவப் பொறியியலாளர் ஜோன் பிரேசர் அமைத்தது. 1905 வரை நின்று, பின்னர் இரும்புப் பாலத்துக்கு இடம்விட்டது. பிரேசரின் பெயர் இருக்கிறது. காட்டிலே முதிரையை அரிந்தவர், வெயிலிலே இழைத்தவர், ஆற்றிலே இறங்கிச் சாரம் கட்டியவர் பெயர் எதனையும் நாம் படித்த நூல்கள் சொல்லவில்லை. மட்டக்களப்பிலே 1920களில் எழுந்த கல்லடிப் பாலம் எஃகுச் சட்டப்படலுக்குக் கண்கண்ட சான்று. 2013 இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பெற்றதும் பழையது ஓய்வு பெற்றது. பல்கலைக்கழகத்து நண்பர்களோடு ஓர் இரவு அதன்மேல் நின்று, மீன் பாடுகிறதா என்று நீருக்குச் செவிகொடுத்திருக்கிறோம். தலைக்குமேலே நின்ற முக்கோணங்களை அன்று எம்மில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தமிழ்ச் சிறப்புப் பட்டத்துக்கு மீன் போதுமானதாயிருந்தது!

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தது. நாடெங்கும் பாலங்கள் போயின. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டு, எஞ்சிய வினாத்தாள்கள் 2026 ஜனவரியிலேதான் நடைபெற்றன. பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலே வெள்ளம் அழித்த பாலமொன்றின் இடத்தில் இந்திய இராணுவப் பொறியியலாளர் 120 அடி நீளமான பெய்லிப் பாலத்தை அமைத்தார்கள். டிசம்பர் மாதத்திலேயே அது திறக்கப்பெற்றது. மாணவரை அழைத்துக்கொண்டு போனோம். ஆனையிறவிலே ஏமாந்த பையனும் வந்திருந்தான்.

பெய்லிப் பாலம் போருக்கென்று பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வகுத்தது. பத்தடி நீளமும் ஏறத்தாழ ஐந்தடி உயரமுமான எஃகுச் சட்டங்கள். மூல அமைப்பில் ஒன்றின் நிறை 570 இறாத்தல். ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். சட்டத்தோடு சட்டத்தைக் கனத்த ஊசியாணிகளாற் கோத்துக்கொண்டே போகலாம். பாரந்தூக்கியும் வேண்டியதில்லை. ஒரு கரையிலே உருளைகளின்மேல் வைத்துப் பூட்டி, முன்னே இலேசான மூக்கொன்றை மாட்டி, மறுகரையை நோக்கித் தள்ளிக்கொண்டே போவார்கள்; மூக்கு அக்கரையைத் தொடும்வரை பின்பக்கத்துப் பாரம் அதனை விழாமற் காக்கும்.

பிள்ளைகள் ஒவ்வொரு சாய்வையும் தொட்டுத் தொட்டு, இது இழுவை, இது உதைப்பு என்று தமக்குள்ளே வாதாடினார்கள். நாம் வேறொன்றை எண்ணிக்கொண்டு நின்றோம். பயணத்துக்காகப் போடப்பட்ட இரும்பு எமது ஊரிலே பதுங்குகுழியாயிற்று; படைக்காக உருவான இரும்பு இங்கே நெல்லு மூட்டையையும் பள்ளிப் பிள்ளைகளையும் கடத்துகிறது. பையன், “இதுதான் சேர் பாலம்” என்றான்.

ஆனால் பெருந்தெருவுக்கு வந்த பாலம் ஒழுங்கைக்கு வருவதில்லை. அந்த மாணவியின் குடியேற்றத்துக்கும் பிரதான வீதிக்கும் இடையிலே ஓர் அருவி. அதன் குறுக்கே தாழ்ந்த தாம்போதி. ஒவ்வொரு மார்கழியும் சில நாட்கள் இடுப்பளவு நீர் அதன்மேல் பாயும். அந்நாட்களிலே அக்கரைப் பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டில் வரிசையாகச் சிவப்புக் கோடு விழும். மூன்றாண்டுகளாக ஊரார் மனுக் கொடுத்தனர். கடைசி மனுவை எழுதிக் கொடுத்தவர்கள் நாமே. நிதி கிடைக்கும்போது கவனிக்கப்படும் என்று ஓர் அலுவலகம் ஒவ்வொரு தடவையும் ஒரே வாசகத்தில் மறுமொழி அனுப்பிற்று. புயலிலே தாம்போதியின் நடுவே பதினாறு அடி அளவில் அடித்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய பரீட்சைக்கு அவள் அவ்வழியே வரவேண்டும்.

நடைபாலம் ஒன்றை நாமே கட்டலாம் என்று முதலில் சொன்னவர் ஓடாவியார். எமக்கு அச்சமாயிருந்தது, மறைக்கவில்லை. விழுந்தால் யார் பொறுப்பு? அதைவிடப் பெரியதொரு கேள்வியும் இருந்தது. ஊரார் தாமே கட்டிக்கொண்டால், அரசு செய்யவேண்டிய கடமையை நாமே அதன் தோளிலிருந்து இறக்கிவிடுகிறோமல்லவா? சிரமதானம் என்ற அழகிய சொல்லின்கீழ் ஏழைகளின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் எமது நாட்டிலே புதிதன்று. ஆசிரியர் அறையிலே இதனை விவாதித்தோம். மனுவையும் விடுவதில்லை, பரீட்சையையும் விடுவதில்லை என்று முடிவாயிற்று. சரியான முடிவுதானா என்பது இன்றும் எமக்குத் திண்ணமில்லை.

புயலிலே சாய்ந்த பெண்பனைகள் இரண்டைப் பிளந்து, இருபத்திரண்டு அடி நீளத்திலே மூட்டில்லாத கீழ்ச்சட்டங்கள் ஆக்கினோம். இழுபடும் உறுப்பிலே மூட்டு இருக்கலாகாது என்பதைக் கணக்கும் சொல்லிற்று, ஓடாவியாரும் சொன்னார். சாய்வு உதைகளுக்கு முதிரை வேண்டும் என்றார். போரிலே கூரையிழந்த தம் வீட்டின் தீராந்திகளைத் தாமே கொண்டுவந்து போட்டார். இருபது ஆண்டுகளாய் மழையிலும் வெயிலிலும் கிடந்தும் உள்ளே மஞ்சள் நிறம் மாறவில்லை. இழுத்துக்கொண்டிருந்த மரம் இனி நெருக்குண்டு நிற்கப்போகிறது என்று நாம் சொன்னபோது, “எதுக்கும் தாங்கும், வாத்தியார்” என்றார். தொங்கும் கம்பிகளுக்குக் கடைச்சற் பட்டறையிலே புரி வெட்டுவித்தோம். செலவில் அதுவே பெரும் பங்கு, ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டோம்.

வடிவம் எளியது. ஒவ்வொரு பக்கமும் இரு முனைகளிலிருந்து இரண்டு சாய்வு உதைகள் எழும். அவற்றின் தலைகளை ஒரு கிடைமரம் பிரித்துப் பிடிக்கும். தலைகளிலிருந்து இறங்கும் இரு கம்பிகள் கீழ்ச்சட்டத்தைத் தூக்கி நிற்கும். ஓடாவியார் நிலத்திலே அடுக்கிக் காட்டியபோது மாணவி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், “அப்பு, நடுவிலை நாற்கோணம் நிக்குது” என்றாள்.

அவர் விளங்காமற் பார்த்தார். அவள் குந்தியிருந்து மணலிலே ஈர்க்கினால் வரைந்தாள். ஒருவர் நட்டநடுவே நின்றால் ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் நால்வர் நின்றால் அந்த நாற்கோணம் சாயும். சாய்ந்தால் மறுபக்கத்து உதை மூட்டைவிட்டுக் கிளம்பும். ஓடாவியார் நாற்பது ஆண்டுகள் கூரை கட்டியவர். கூரையின் பாரம் நடந்து திரிவதில்லை. சிறிது நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “ஓம் பிள்ளை, பாலத்திலை பாரம் நடக்கும்” என்றார். அந்த நாற்கோணத்துள்ளே முதிரைச் சட்டங்கள் இரண்டைப் பெருக்கற்குறிபோல வைத்துப் பொருத்தினார். இரு பக்கச் சட்டங்களும் நிமிர்ந்து நின்றபின் குறுக்கு மரங்கள், பனஞ்சலாகைத் தளம், கைபிடி. உழவு இயந்திரம் ஏறும் ஆசை யாருக்கும் எழாதபடி இரு வாயிலிலும் நடுவே ஒரு குற்றியை நட்டோம்.

ஜனவரியிலே அவள் அதன்மேல் நடந்து வந்து பரீட்சை எழுதினாள். இணைந்த கணிதத்தில் சட்டப்படல் வந்ததா என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், “விடுங்கோ சேர்” என்றுதான் சொல்லியிருப்பாள். பெறுபேறு பின்னர் வரும். அலுவலகத்துக்கு நான்காவது மனுவும் போயிருக்கிறது. அதிலே, தற்காலிக நடைபாலம் உண்டு என்பதைக் காரணமாகக் காட்டி நிரந்தரப் பாலத்தைப் பிற்போடலாகாது என்று தனியே ஒரு பந்தி எழுதியிருக்கிறோம். வட்டுவாகலிலே புதிய பாலத்துக்கான வேலை 2025 செப்டம்பரில் தொடங்கிற்று என்பதை அறிவோம். அது நிறைவேறட்டும். ஒழுங்கைகளின் பெயர் எந்த விழாவிலும் வாசிக்கப்படுவதில்லை.

உப்புக் காற்று எட்டும் ஊர் ஆகையால் கம்பிகளுக்கு எண்ணெய் பூசி வருகிறோம். மாசியின் வெயில் ஏறியதும் பனை காயத் தொடங்கிற்று. கம்பித் தலையிலே கால் அங்குலம் இடைவெளி தெரிந்தது. மரம் சுருங்கும், நட்டை இறுக்கவேண்டும் என்று ஓடாவியார் முன்னரே சொல்லியிருந்தார். ஸ்பனர் ஒன்றை வாங்கி, பாலத்துக்கு அடுத்த வீட்டிலே, கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். சனிக்கிழமை தோறும் இரண்டு பையன்கள் முறைவைத்துப் போகிறார்கள். இந்தக் கிழமை, ஆனையிறவிலே பாலம் தேடியவனின் முறை.